பிரஸ்ஸல்ஸ் நகரின் புளிப்பு பீர்

பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குச் செல்லும் யாத்திரிகர், அந்நகரம் பிறந்து வளர்ந்த நதி எங்கே என்று தேடினால் ஏமாற்றமே அடைவார். சென் என்ற பெயருடைய அச்சிறு நதி, தோல் பதனிடுவோரும் சாயம் தோய்ப்போரும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய கழிவுகளால் சாக்கடையினும் கேடுற்று, 1866-ஆம் ஆண்டில் நகரத்தைச் சூறையாடிய காலராவுக்கும் காரணமென்று பழிசுமத்தப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே நகரத் தலைவர் ழூல் ஆன்ஸ்பாக்கின் திட்டப்படி செங்கல் வளைவுகளுக்குள் அடைக்கப்படலாயிற்று. 1871-க்குள் நகர மத்தியில் நதி பூமிக்குள் மறைந்து, அதன்மேல் பாரிஸைப் பார்த்து அமைத்த அகன்ற வீதிகள் எழுந்தன. இதற்குச் சற்று முன்பு, 1864 முதல் 1866 வரை, கடன்காரர்களுக்கு ஒதுங்கி அங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் கவி போதலேர், பெல்ஜியத்தில் தாம் வெறுத்த எத்தனையோ விஷயங்களுள் அந்நதியையும் அந்நகர மக்கள் விரும்பிப் பருகிய ஃபாரோ என்னும் பீரையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஏளனம் செய்திருக்கிறார். நதி மறைந்துவிட்டது, போதலேரின் ஏளனம் புத்தகங்களில் இருக்கிறது, அவர் ஏசிய அந்தப் பானத்தின் குலம் மட்டும், பலமுறை அழிவின் விளிம்புக்குச் சென்றும், இன்றுவரை உயிரோடிருக்கிறது. அதை உயிரோடு வைத்திருந்தவற்றுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது, நகரத்தின் தெற்கு ரயில் நிலையத்துக்கு அருகே, ஆண்டர்லெக்ட் பகுதியின் ஒரு சாதாரணத் தெருவில், வெளிப்பார்வைக்குப் பழைய கிடங்குபோல் நிற்கும் கான்டியோன் என்ற குடும்பத்தாரின் பீர் ஆலை.

ஃபாரோ என்பது சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கிய பானம். அதற்கு மூலமானது லாம்பிக். பிரஸ்ஸல்ஸிலும், அதற்குத் தென்மேற்கே பாயோட்டன்லாந்து என்று வழங்கும் விவசாயப் பிரதேசத்திலும், முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சி, ஈஸ்ட் என்பதை மனிதக் கையால் சிறிதும் சேர்க்காமல், இரவுக் காற்றிலும் பழைய மரப்பீப்பாயின் நாளங்களிலும் தாமாகவே வாழும் நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துவிட்டு, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்திருந்து பெறுவதே லாம்பிக். தென்னையிலும் பனையிலும் கட்டிய கலயத்தில் விடிவதற்குள் பாளைச்சாறு தானே கள்ளாகப் புளித்துவிடுவதை அறிந்த நம்மவருக்கு இது ஓர் அதிசயமாகத் தோன்றாது. ஆயினும் ஐரோப்பிய பீர்த் தொழிலின் சரித்திரத்தில் இது எத்துணை விபரீதமான பிடிவாதம் என்பதை உணர, 19-ஆம் நூற்றாண்டின் விஞ்ஞானம் அத்தொழிலை என்ன செய்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

1842-இல் பொஹீமியாவின் பில்ஸன் நகரத்தில் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் காய்ச்சிய பொன்னிற பீர், தெளிவுக்கும் குளிர்ச்சிக்கும் புதியதோர் இலக்கணம் வகுத்தது. 1870-ஆம் ஆண்டுப் போரில் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ், பீர்த் தொழிலிலாவது ஜெர்மானியரை வெல்ல வேண்டும் என்ற தேசாபிமானத்தோடு ஆராய்ச்சியில் இறங்கிய லூயி பாஸ்டர், 1876-இல் வெளியிட்ட நூலில், பீரைக் கெடுப்பவை அந்நிய நுண்ணுயிர்களே என்று ஐயமற நிறுவினார். அதே காலத்தில் மியூனிக் நகரத்து ஆலைகளுக்காகக் கார்ல் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். 1883-இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்ஸன் ஒரேயோர் ஈஸ்ட் உயிரணுவைத் தனியே பிரித்து வளர்த்து, அதன் சந்ததியைக் கொண்டே ஆலை முழுவதையும் நடத்திக் காட்டினார். இந்த நால்வரின் உழைப்பும் சேர்ந்தபோது, கோடையென்றும் குளிரென்றும் பாராமல், எந்த ஊரிலும், எந்த நாளிலும், ஒரே ருசியுள்ள பீரைத் தயாரிக்கலாம் என்றாயிற்று. தற்செயல் என்பது தொழிலின் சத்துருவாயிற்று. காற்றில் மிதந்து வருவது எதுவாயினும் அது மாசு என்று பெயர் பெற்றது. இவ்வாறு உலகம் முழுவதும் வாசலை அடைத்த விருந்தாளிகளை, ஜன்னலைத் திறந்துவைத்து வரவேற்றுக்கொண்டிருந்தது பிரஸ்ஸல்ஸ்.

அந்த விருந்தாளிகளுக்கு விஞ்ஞானம் பெயர் சூட்டியதும் இக்கதையில் ஒரு சுவாரசியமான அத்தியாயம். ஆங்கிலேயரின் பழைய பீர்களுக்கு விசேஷ மணம் தருவது எது என்று ஆராய்ந்த கார்ல்ஸ்பர்க் விஞ்ஞானி க்ளாஸன், 1904-இல் அந்த ஈஸ்டுக்கு பிரெட்டனோமைஸிஸ் என்று பெயரிட்டார். 1921-இல் குஃபராத், வான் லேர் என்ற இருவர் அதன் உறவினத்தை லாம்பிக்கிலிருந்தே பிரித்தெடுத்து, பிரஸ்ஸல்ஸின் பெயரையே அதற்கு அடைமொழியாக்கினர். இன்று திராட்சைமது செய்வோர் தங்கள் நிலவறையில் அந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்குவர். லாம்பிக் காய்ச்சுவோருக்கோ அது கூலி கேளாத பணியாள்.

இந்தப் பானத்தின் தொன்மையைப் பற்றிப் பேசுவோர், ஓவியர் பிரூகெல் தீட்டிய குடியானவர் கல்யாணத்தில் ஜாடியிலிருந்து ஊற்றப்படுவது லாம்பிக்கே என்று சாதிப்பதுண்டு. பிரூகெல் 1563 முதல் பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்தவர் என்பதும் பாயோட்டன்லாந்தின் கிராமங்கள் அவருக்கு அருகிலிருந்தன என்பதும் உண்மையே. ஆனால் ஜாடியின் வெளிப்புறத்தைக் கண்டு உள்ளிருக்கும் பீரின் ஜாதியைச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. புட்டியில் அடைத்து நுரைக்க வைக்கும் குயெஸ் என்ற வகை, இன்று இக்குலத்தின் அரசனாகக் கொண்டாடப்படுவது, உறுதியான கண்ணாடிப் புட்டிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 19-ஆம் நூற்றாண்டின் குழந்தை. பழமையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தொழில்களில் பாதிக்குமேல் ஒரு புதிய சாதனத்தின் வரவால் பிறந்தவையே என்பது இதற்கு மட்டும் உரிய ரகசியமன்று.

குயெஸ் வந்தபோது தொழிலின் அமைப்பே இரண்டாகப் பிரிந்தது. காய்ச்சுவோர் ஒரு சாரார். காய்ச்சியவர்களிடமிருந்து லாம்பிக்கை விலைக்கு வாங்கித் தங்கள் நிலவறைகளில் முதிரவைத்து, ஓராண்டு இளமையுடையதையும் ஈராண்டு மூவாண்டு முதிர்ந்ததையும் நாவின் தீர்ப்பைக்கொண்டு கலந்து, புட்டியில் அடைத்து விற்போர் மற்றொரு சாரார். இளைய லாம்பிக்கில் எஞ்சியிருக்கும் சர்க்கரையை முதியதில் வாழும் உயிர்கள் புட்டிக்குள் மெதுவாக உண்பதனாலேயே ஷாம்பெயினுக்கு நிகரான நுரை எழுகிறது. ஆகையால் கலப்பவருடைய திறமை காய்ச்சுபவருடைய திறமைக்குச் சற்றும் குறைந்ததன்று. லெம்பேக் என்ற ஊரில் பீர்த் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த பால் கான்டியோன், தம் மனைவி மாரி ட்ரோக்குடன் 1900-ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸுக்கு வந்து கடை விரித்தது இத்தகைய கலப்பு வியாபாரியாகத்தான். அப்பொழுது நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் பீர் ஆலைகள் நூற்றுக்கு மேல் இருந்தன. அவற்றுள் ஒருவருக்கும் போட்டியாகாத இச்சிறு கடை ஒருநாள் எல்லோருக்கும் பின்னால் எஞ்சி நிற்கும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் சிரிப்பே பதிலாகக் கிடைத்திருக்கும்.

முதல் உலக யுத்தத்தில் பெல்ஜியத்தைக் கைப்பற்றிய ஜெர்மானியர், ஆலைகளிலிருந்த செப்புப் பாத்திரங்களை யுத்தத் தேவைக்காகப் பெயர்த்துச் சென்றனர். அதிலிருந்து மீளாமலே கதவடைத்த ஆலைகள் பல. கான்டியோன் குடும்பம் சொந்தமாகக் காய்ச்ச முற்பட்டது, மூடப்பட்ட ஓர் ஆலையின் உபகரணங்களை 1937-இல் விலைக்கு வாங்கிய பின்புதான். பாலின் புதல்வர் ராபர்ட்டும் மார்செலும் தொழிலில் நின்றனர். அடுப்பு மூட்டிய சூடு ஆறுவதற்குள் இரண்டாவது யுத்தம் வந்தது. யுத்தத்துக்குப் பின் சிலகாலம் வியாபாரம் செழித்தது என்றாலும், 1960-களில் வேறொரு பகை தோன்றிற்று. அது மக்களுடைய நாக்கு. சோடா பானங்களிலும் குளிர்ந்த பில்ஸ் பீரிலும் பழகிய புதிய தலைமுறைக்குப் புளிப்பு கிழவர்களின் ருசியாகப் பட்டது. பெரிய ஆலைகள் குயெஸை வடிகட்டி, இனிப்பூட்டி, பழைய பெயரிலேயே விற்றன. மக்களும் அதையே குயெஸ் என்று நம்பத் தொடங்கினர். பழைய முறையில் செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கடையைக் கட்டினர்.

மார்செலின் புதல்வி க்ளோடை மணந்து, 1960-களின் இறுதியில் ஆலைக்குள் வந்த ழான்-பியேர் வான் ராய், இந்த இறங்குமுகத்தை முழுவதும் கண்ணாரக் கண்டவர். மற்றவர்களைப் போல் இனிப்பின் பக்கம் சாய்வது, அல்லது ஆலையை விற்றுவிடுவது என்ற இரண்டு வழிகளே எவருக்கும் தெரிந்த நிலையில், அவர் 1978-இல் மூன்றாவதாக ஒன்றைக் கண்டார்: ஆலையை நிறுத்தாமலே அதைக் குயெஸ் காட்சிசாலை என்று பெயரிட்டு, தெருவில் போகும் எவரும் சிறு கட்டணம் செலுத்தி உள்ளே வந்து, காய்ச்சும் கலம் முதல் புட்டி நிலவறை வரை பார்த்து, இறுதியில் ஒரு கோப்பை பருகிச் செல்லலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். இது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் இத்தொழிலின் நூறாண்டுச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய விஷயமில்லை. புளிப்பு ஒரு குறையன்று, அது காத்திருப்பின் விளைவு என்பதை விளம்பரத்தால் எவருக்கும் புரியவைத்திருக்க முடியாது. மூன்றாண்டு தூங்கும் பீப்பாயின் அருகே நின்றவனுக்கோ அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அக்கதவின் வழியே இன்றும் செல்லலாம். தரைத்தளத்தில், தோல் பட்டைகளும் உருளைகளும் இணைத்து ஓட்டும் பழைய இயந்திரங்களின் நடுவே, வெந்நீரில் தானியத்தைக் கரைக்கும் பெருந்தொட்டி நிற்கிறது. ஒரு காய்ச்சலுக்குச் சுமார் 1,300 கிலோ தானியம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கோதுமை. வடித்தெடுத்த இனிப்பான கஷாயத்தை ஹாப்ஸ் பூக்களோடு மணிக்கணக்கில் கொதிக்கவைக்கிறார்கள்; 10,000 லிட்டர் சுண்டி 7,500 லிட்டராகிறது. அந்த ஹாப்ஸ் புதியதன்று. மற்ற ஆலைகள் மணத்துக்காகவும் கசப்புக்காகவும் புதிய பூவைப் பொன்கொடுத்து வாங்க, இங்கே மூன்றாண்டு உலர்ந்து மணமும் கசப்பும் போனதையே விரும்புகிறார்கள். கெடாமல் காக்கும் குணம் மட்டும் அதில் எஞ்சியிருந்தால் போதும்.

மாடிப்படி ஏறிக் கூரைக்கடியில் சென்றால் இவ்வாலையின் கர்ப்பக்கிருகம் என்று சொல்லத்தக்க இடம் வருகிறது. அறையின் பரப்பை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொண்டு, ஆழமற்ற, அகன்ற செப்புத்தொட்டி ஒன்று கிடக்கிறது. கொதித்த கஷாயத்தை மாலையில் இதில் பாய்ச்சி, சுவரிலுள்ள சாளரப் பலகைகளைத் திறந்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். இரவு முழுவதும் ஆவி எழும்பிக் கூரைமரங்களில் படிந்து சொட்ட, வெளிக்காற்று உள்ளே தவழ்ந்து வர, விடியற்காலையில் கஷாயம் 20 டிகிரிக்கு அருகே ஆறியிருக்கும்போது, அந்த ஊருக்கே உரிய உயிர்கள் அதில் குடியேறிவிட்டிருக்கும். அக்டோபர் இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மட்டுமே இது நடக்கும். கோடைக் காற்றில் கெடுதல் செய்யும் கிருமிகள் மிகுதி, இரவும் போதிய குளிர்ச்சியற்றது என்பது காரணம்.

பிறகு பீப்பாய்கள். ஓக் மரத்தாலும் செஸ்ட்நட் மரத்தாலும் ஆனவை. முன்பு திராட்சைமதுவோ கோன்யாக்கோ சுமந்தவை. முதல் சில தினங்களில் நொதிப்பு வெறிகொண்டு எழ, பீப்பாயின் வாயிலிருந்து நுரை பொங்கித் தரையில் வழியும். வேகம் தணிந்த பிறகே தக்கையிட்டு அடைப்பார்கள். அதன்பின் அமில பாக்டீரியங்கள் தங்கள் முறைக்கு வந்து புளிப்பைச் சேர்க்க, கடைசியாக பிரெட்டனோமைஸிஸ் மெதுவாகத் தன் மணத்தைச் சேர்க்கும். இங்கே சிலந்திவலைகளைத் துடைப்பதில்லை. பழத்தையும் புளிப்பையும் நாடிவரும் ஈக்களைச் சிலந்தி பிடிப்பதால் பீப்பாய்க்குக் காவலாயிற்று என்பது அவர்கள் சொல்லும் நியாயம். சுத்தம் என்பதற்கு நாம் கொண்டிருக்கும் இலக்கணம் இந்த அறைக்குள் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. ஆனால் கலங்களையும் பீப்பாய்களையும் கொதிநீரால் கழுவும் கண்டிப்பைப் பார்த்தவர், இது சோம்பலன்று என்பதை ஒப்புக்கொள்வார்.

ருசி பார்க்கும் இடம் நுழைவாயிலை ஒட்டியே இருக்கிறது. முதலில் ஊற்றுவது பெரும்பாலும் கலக்காத லாம்பிக்: நுரையில்லை, குமிழியில்லை, பீர் என்று எதிர்பார்த்து வாயில் வைப்பவர் திடுக்கிடுவார். எலுமிச்சைத் தோலின் கூர்மை முதலில் நாவைத் தீண்டி, ஈர வைக்கோலும் குதிரை லாயமும் நினைவுக்கு வரும் ஒரு மணம் மூக்கின் பின்புறம் எழும்பி, எல்லாம் முடிந்தபின் ஒரு வறட்சி நிற்கும். குயெஸ் வேறு, மூன்று வயதுகளின் கூட்டுறவில் புளிப்பின் முனை மழுங்கி, பச்சை ஆப்பிளும் பழைய தோலும் ஒன்றையொன்று தாங்கி நிற்க, நுரை அதைத் தூக்கிக் காட்டுகிறது. கிரீக் என்பதில், லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் புளிப்புச் செர்ரி சேர்த்து ஊறவைத்திருக்கிறார்கள். ஒருகாலத்தில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் தோட்டங்களின் செர்ரியே இதற்கு உரியது. நகரம் அத்தோட்டங்களை விழுங்கிவிட்டபடியால் வேற்றிடத்துப் பழத்தையும் நாட வேண்டியதாயிற்று. கொட்டையோடு ஊறுவதால் அடியில் ஒரு வாதுமை வாசனை. ராஸ்பெர்ரி, ஆப்ரிகாட், மஸ்கட் திராட்சை என்று பிற பழங்களில் ஊறியவையும் உண்டு. மூன்றாண்டு முதிர்ந்த லாம்பிக்கைக் கலக்காமல் நுரையின்றியே புட்டியிலடைத்த ப்ருவோக்ஸெல்லா என்பதும், காட்சிசாலையின் 20-ஆம் ஆண்டு நிறைவுக்காக 1998-இல் கோதுமையில்லாமல் காய்ச்சத் தொடங்கிய ஐரிஸ் என்பதும் உண்டு. பழவகைகளில் சில என் நாவுக்குச் சற்று ஆடம்பரமாகவே பட்டன. குயெஸ் ஒன்றே இவ்வாலையின் முழு அறிவையும் ஒரு கோப்பைக்குள் காட்டுகிறது.

ழான்-பியேருக்குப் பின் அவர் புதல்வர் ழான் வான் ராய் தலைமையேற்ற காலத்தை ஒட்டி, பழைய பகையான நாக்கே நட்பாக மாறிற்று. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழைய முறையிலான குயெஸுக்கும் கிரீக்குக்கும் மரபு விசேஷப் பண்டமென்ற பாதுகாப்பு வழங்கியது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து அல்லகாஷ் ஆலையார் 2007-இல் தங்கள் ஊர்க் காற்றை நம்பி இதே வகை அகன்ற தொட்டியை அமைத்தார்கள். ஆண்டுக்கொரு நாள், பல தேசங்களின் மதுக்கடைகள் ஒரே வேளையில் கான்டியோனின் ஒரு விசேஷ பீரைத் திறக்கும் வழக்கம் 2011-இல் தொடங்கிற்று. விற்கமுடியாமல் தேங்கிய புட்டிக்கு இன்று வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சிலர் வாங்கிச்சென்று பலமடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்ற மனக்குறை ஆலையாருக்கு உண்டு. ஆயினும் காய்ச்சும் காலம் குளிர்காலம் மட்டுமே. பீப்பாய்க்கு வேண்டியது காலமும் இடமும். சமீப ஆண்டுகளில் அருகே இன்னொரு கட்டடத்தைச் சேர்த்துக்கொண்ட பின்னும் உற்பத்தி, ஒரு பெரிய ஆலையின் பார்வையில், அற்பமே. பேராசைக்கு இத்தொழிலில் இடமில்லாதபடி இயற்கையே எல்லை போட்டிருக்கிறது.

அவ்வெல்லை இப்போது குறுகிவருகிறது என்பதுதான் கவலைக்குரியது. 2015 நவம்பரில் பிரஸ்ஸல்ஸின் இரவுகள் வெதுவெதுப்பாகவே இருந்தமையால், காய்ச்சியது ஆறவேண்டிய வேகத்தில் ஆறாமல் போக, சில காய்ச்சல்களைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ழான் வான் ராய் அடுப்பை அணைத்துக் காத்திருக்க நேர்ந்தது. யுத்தத்தையும் சர்க்கரையையும் வென்ற பிடிவாதம் வானிலையோடு என்ன செய்யும்? குளிரூட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தால் பீர் கிடைக்கும், லாம்பிக் கிடைக்காது. இந்தக் குடும்பம் இதுவரை விட்டுக்கொடுக்காத ஒன்றை விட்டுக்கொடுக்காது என்றே நான் நம்புகிறேன்.

பிரஸ்ஸல்ஸுக்குச் செல்லும் வாசகர், மது அருந்துபவரானாலும் அல்லாதவரானாலும், தெற்கு ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்து இந்த ஆலையைப் பார்த்து வரலாம். இயலுமானால் அக்டோபர் இறுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையே செல்லுங்கள். கோடையில் சென்றால் பீப்பாய்களும் சிலந்திகளும் இருக்கும். கூரைக்கடியிலுள்ள தொட்டி வெறுமையாகவே கிடக்கும்.